காமராசர் கண்ட தேர்தல்கள்

முடியாட்சிக் காலத்தில் நாட்டை ஆளும் உரிமை தந்தைக்குப்பின் மகனைச் சேர்ந்தது. அரியணையில் அமர்பவர் யார் என்பதைப் பற்றிக் குடிமக்களை ஒருவரும் கேட்டதில்லை. குடியாட்சியிலோ அவ்வுரிமை மக்களிடமே தங்கியுள்ளது. அவர்கள் அதனைக் குறித்த காலத்துக்கு ஒருவரிடம் ஒப்படைக்கின்றனர். அக்காலம் முடிந்ததும் கணக்குக் கேட்கின்றனர். கணக்கில் மனநிறைவு உண்டாயின் மீண்டும் அவரிடமே அளிப்பர். இல்லையேல் திரும்பப் பெற்று வேறொருவருக்கு வழங்குவர். இதற்கெனக் குறிக்கப்பட்ட நாளே தேர்தல் நாள்.

இவ்வுண்மையை ஏட்டில் படித்தவர் பலர். வென்ற காலத்தும் தோற்ற காலத்தும் இதனை மறவாது நடந்துகொண்டவர் சிலரே. அச்சிலருள் காமராசர் ஒருவர். 1937 முதல் 1971 வரை, சட்டசபைக்கும் நாடாளுமன்றத்துக்குமாக அவர் 9 முறை மக்களின் வாக்கை நாடி நின்றார். அவற்றுள் 8 முறை வெற்றியும் 1 முறை தோல்வியும் கண்டார். அவருடைய அரசியல் வாழ்வை இத்தேர்தல்களின் வழியே நோக்குவது பயனுடையது.

சிறையிலிருந்து சபைக்கு

காமராசர் 1903-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் விருதுநகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அன்னை சிவகாமி அம்மையார் அரும்பாடுபட்டு அவரை வளர்த்தார். குடும்பத்தின் வறுமையால் அவருடைய பள்ளிப்படிப்பு இடையிலேயே நின்றது. கடையில் வேலைக்கு அமர்ந்த சிறுவரின் உள்ளம் விடுதலைப் போரின்பால் சென்றது. காங்கிரசுத் தொண்டராகிக் கொடி பிடித்தார், நிதி திரட்டினார், கூட்டங்கள் கூட்டினார். 1930-இல் வேதாரணிய உப்புச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்தார். அதன்பின்னும் பலமுறை சிறைக்கோட்டம் கண்டார். அவர் சிறையில் கழித்த காலத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஆகும்.

1937-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடைபெற்றது. அந்நாளில் எல்லோர்க்கும் வாக்குரிமை இல்லை. வரி செலுத்துவோர், ஓரளவு கல்வி பெற்றோர் போன்றவர்களுக்கே அவ்வுரிமை இருந்தது. நாட்டு மக்களுள் மிகப் பெரும்பாலோர் தேர்தலை வேடிக்கை பார்ப்பவராகவே இருந்தனர். அத்தேர்தலில் சாத்தூர்த் தொகுதியில் நின்ற காமராசரை எதிர்ப்பவர் எவரும் இலர். போட்டியின்றியே அவர் சட்டசபை உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 33.

1940-இல் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைமை அவரை வந்தடைந்தது. அவ்வாண்டின் இறுதியில் அவர் மீண்டும் கைதாகி வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சி மன்றம் அவரைத் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பிறந்த ஊரே விரும்பி அளித்த பெருமை அது. 1941-இல் விடுதலை பெற்றுத் திரும்பியதும் காமராசர் செய்த செயல் யாது? மன்றத்துக்குச் சென்றார், தமக்குக் காட்டிய அன்புக்கு நன்றி கூறினார், உடனே அப்பதவியைத் துறந்தார். முழுக் கவனத்தோடு உழைக்க இயலாத ஒரு பதவியில் பெயருக்கு அமர்ந்திருத்தல் தகாது என்பது அவர் கருத்து. பதவி என்பது மார்பில் அணியும் பதக்கமன்று, தோளில் சுமக்கும் பொறுப்பே என அவர் எண்ணியதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1946-இல் சாத்தூர்–அருப்புக்கோட்டைத் தொகுதி அவரை மறுபடியும் சட்டசபைக்கு அனுப்பியது. இந்தியாவின் அரசியலமைப்பை வகுத்த அவையிலும் அவர் உறுப்பினராக இருந்தார். அவ்வரசியலமைப்பு, 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவர்க்கும் வாக்குரிமை நல்கிற்று. செல்வரும் ஏழையும், கற்றவரும் கல்லாதவரும் ஆளுக்கு ஒரு வாக்கு என்னும் சமநிலை பிறந்தது. அம்முறைப்படி 1952-இல் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலில் காமராசர் திருவில்லிப்புத்தூர்த் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

குடியாத்தம் காட்டிய வழி

அதே தேர்தலில் சென்னை மாநிலச் சட்டசபையின் 375 இடங்களுள் காங்கிரசுக் கட்சிக்குக் கிடைத்தவை 152 மட்டுமே. தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. இந்நிலையில் மூதறிஞர் இராஜாஜி மேலவை உறுப்பினராக ஆளுநரால் நியமிக்கப்பெற்று முதலமைச்சர் பொறுப்பேற்றார். இது சட்டத்துக்கு மாறானதன்று. எனினும், மக்களின் வாக்கைப் பெறாமல் முதலமைச்சராகலாமா என்ற வினாவை எதிர்க்கட்சியினர் எழுப்பிய வண்ணமே இருந்தனர். பின்னர் அவர் கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்மீது கடும் எதிர்ப்பு மூண்டது. 1954-இல் அவர் பதவி விலகினார்.

அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கக் காங்கிரசுச் சட்டசபைக் கட்சி கூடியது. காமராசரும் சி. சுப்பிரமணியமும் போட்டியிட்டனர். காமராசருக்கு 93 வாக்குகளும் சுப்பிரமணியத்துக்கு 41 வாக்குகளும் கிடைத்தன. 1954 ஏப்பிரல் 13-ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணை நின்ற பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். போட்டி வாக்கெடுப்போடு முடிந்துவிட வேண்டும். அதன்பின் நாட்டுப்பணியில் திறமைக்கே இடம் என்பதை அவர் செயலில் காட்டினார்.

ஆயின் புதிய முதலமைச்சரின் முன் ஒரு சிக்கல் நின்றது. அவர் நாடாளுமன்ற உறுப்பினரே அன்றி, மாநிலத்தின் இரு அவைகளுள் எதிலும் உறுப்பினர் அல்லர். சட்டசபையிலோ மேலவையிலோ உறுப்பினராக இல்லாத ஒருவர் 6 திங்களுக்குள் உறுப்பினராக வேண்டும். இல்லையேல் பதவியில் நீடிக்க முடியாது. அவர் முன் இரு வழிகள் இருந்தன. ஒன்று மேலவை வழி. அது எளியது, இடரற்றது. (தமிழ்நாட்டில் இருந்த அம்மேலவை 1986-இல் நீக்கப்பட்டது.) மற்றொன்று, மக்கள் முன் சென்று வாக்குக் கேட்டுச் சட்டசபைக்கு வரும் வழி. அதில் தோற்றால் முதலமைச்சர் பதவியே போய்விடும். கட்சியின் மதிப்பும் குலையும்.

காமராசர் இரண்டாம் வழியையே மேற்கொண்டார். அப்போது இடைத்தேர்தல் நடைபெறவிருந்த தொகுதி வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்த குடியாத்தம். அது அவர் பிறந்த மண்ணன்று. உற்றாரும் உறவினரும் நிறைந்த பகுதியுமன்று. பொதுவுடைமைக் கட்சி அவரை எதிர்த்து வேட்பாளரை நிறுத்தியது. காங்கிரசோடு கொள்கை வேறுபாடு கொண்டிருந்த தந்தை பெரியாரும், அறிஞர் அண்ணாவின் திராவிட முன்னேற்றக் கழகமும் காமராசரின் வெற்றியை விரும்பினர். எளிய குடும்பத்தில் தோன்றிய ஒருவர் நாட்டின் தலைமைப் பொறுப்பில் நிலைபெற வேண்டும் என்ற உணர்வு கட்சி வேலிகளைக் கடந்து நின்றது. குடியாத்தம் மக்கள் அவரைப் பெரும்பான்மை வாக்குகளால் வெற்றி பெறச் செய்தனர். அவரது முதலமைச்சர் பதவிக்கு மக்களின் முத்திரை கிடைத்தது.

வாக்குக்கு அளித்த கைம்மாறு

வாக்களித்த மக்களுக்குக் காமராசர் செய்த கைம்மாறு யாது? பதவியேற்ற சில நாள்களிலேயே, எதிர்ப்புக்கு உள்ளான அந்தத் தொடக்கக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. பள்ளி இல்லாத ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. பசித்த வயிற்றோடு பாடம் கேட்க இயலாது என்பதைத் தம் இளமையிலேயே அறிந்தவர் அவர். ஆதலின், 1956 முதல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவலாயிற்று. ஏழைப் பிள்ளைகள் கட்டணமின்றிக் கற்க வழி பிறந்தது. இடையில் படிப்பை விட்டவர் ஆண்ட காலத்தில், படிப்பை விடவிருந்த பல்லாயிரம் சிறுவர் சிறுமியர் பள்ளியில் நிலைத்தனர். வைகை அணை போன்ற நீர்த்தேக்கங்களும், கிண்டித் தொழிற்பேட்டை போன்ற தொழில் நிலையங்களும் உருவாயின.

1957-ஆம் ஆண்டுத் தேர்தலில் காமராசர் சாத்தூரில் நின்று வென்றார். அம்முறை சட்டசபையின் 205 இடங்களுள் 151 இடங்களைக் காங்கிரசு பெற்றது. 1962-இலும் சாத்தூர் அவரையே தேர்ந்தெடுத்தது. காங்கிரசு 206 இடங்களுள் 139 இடங்களைப் பெற்று மூன்றாம் முறையாக ஆட்சி அமைத்தது. எனினும், திராவிட முன்னேற்றக் கழகம் 15 இடங்களிலிருந்து 50 இடங்களுக்கு உயர்ந்திருந்தது. அக்கழகத்தின் தலைவராகிய அண்ணாவோ காஞ்சிபுரத்தில் தோல்வியுற்றார். தோல்வியால் அவர் சோர்ந்துவிடவில்லை. மாநிலங்களவை உறுப்பினராகித் தம் பணியைத் தொடர்ந்தார்.

1963-இல் காமராசர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மூத்த தலைவர்கள் ஆட்சிப் பதவிகளைத் துறந்து கட்சிப்பணிக்குத் திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். பிறர்க்குச் சொன்னதைத் தாமே முதலில் செய்தார். 1963 அக்டோபர் 2-ஆம் நாள் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அகில இந்தியக் காங்கிரசின் தலைவராகி, நேருவின் மறைவுக்குப்பின் லால்பகதூர் சாஸ்திரியும், அவருக்குப்பின் இந்திரா காந்தியும் தலைமையமைச்சராவதற்குத் துணை நின்றார். அவரிடம் ஆட்சிப் பதவி இல்லை; ஆயினும் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுப்பதில் அவர் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது.

விருதுநகர் தந்த தீர்ப்பு

இத்தகைய உயர்நிலையில் இருந்த காலத்தில்தான் 1967-ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. நாட்டில் உணவுப் பஞ்சம். அரிசியின் விலை ஏறியிருந்தது. 1965-இல் எழுந்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின் வடு ஆறவில்லை. எதிர்க்கட்சிகள் ஒன்றுகூடி நின்றன. காமராசர் தாம் பிறந்த விருதுநகரிலேயே வேட்பாளராக நின்றார். அவரை எதிர்த்தவர் திராவிட முன்னேற்றக் கழகத்தைச் சேர்ந்த பெ. சீனிவாசன், மொழிப்போரில் ஈடுபட்ட மாணவர் தலைவர்.

வாக்குகள் எண்ணப்பட்டன. 1,285 வாக்கு வேற்றுமையில் காமராசர் தோற்றார். தலைமையமைச்சர்களைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டியவரை, ஓர் இளைஞர் அவருடைய சொந்த ஊரிலேயே வென்றார். மாநில ஆட்சியும் காங்கிரசின் கையினின்று நீங்கிற்று. அண்ணா முதலமைச்சரானார்.

இவ்விடத்தில் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குடியாத்தத்தில் முன்பின் அறியாத மக்கள் வாக்களித்து உயர்த்தினர். விருதுநகரில் பிறந்தநாள் முதல் அறிந்த மக்கள் வாக்களிக்க மறுத்தனர். முன்னதை மக்களின் அறிவு என்று புகழ்ந்து, பின்னதை மக்களின் அறியாமை என்று இகழ்வது எளிது. தோற்றவர் பலர் அவ்வாறு பேசுவதுண்டு. காமராசர் அத்தீர்ப்பை ஏற்றுத் தலைவணங்கினார். அவருடைய நற்பணிகளை விருதுநகர் மக்கள் மறந்துவிட்டனர் என்று கொள்வதும் பொருந்தாது. நன்றி வேறு, வாக்கு வேறு. சென்ற காலப் பணிக்கு மக்கள் நன்றி பாராட்டுவர். வருங்கால ஆட்சியை யாரிடம் ஒப்படைப்பது என்பதை அன்றைய நிலை நோக்கி முடிவு செய்வர். அவ்வுரிமை அவர்களுக்கு இல்லையாயின் தேர்தல் வெறும் சடங்காகிவிடும்.

மீண்டும் மக்கள் முன்

தோல்வியுற்ற காமராசர் பொதுவாழ்வினின்று ஒதுங்கவில்லை. நாகர்கோவில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நேசமணி 1968-இல் மறைந்தார். 1969-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அத்தொகுதிக்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. காமராசர் அங்கு வேட்பாளராக நின்றார். முன்னர்த் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த கன்னியாகுமரிப் பகுதி, அவர் முதலமைச்சராக இருந்தபோதுதான், 1956 நவம்பர் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அப்பகுதி மக்கள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேற்றுமையில் அவரை வெற்றி பெறச் செய்தனர்.

1969-இன் பிற்பகுதியில் காங்கிரசு இரண்டாகப் பிளந்தது. காமராசர் பழைய காங்கிரசில் நின்றார். 1971-இல் வந்த தேர்தலில் தமிழ்நாட்டில் அக்கட்சிக்குப் பெருந்தோல்வி நேர்ந்தது. மாநிலத்தின் 39 நாடாளுமன்றத் தொகுதிகளுள் அது வென்றது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று நாகர்கோவில், வென்றவர் காமராசர். அதுவே அவர் கண்ட இறுதித் தேர்தல்.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாக முதலமைச்சராக இருந்தவர் தமக்கென நிலமோ மாளிகையோ சேர்த்து வைத்திலர். 1976-இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்தினா விருது வழங்கியது.

காமராசர் வாக்குக் கேட்ட நாளில் 21 வயது நிரம்பியவர்க்கே வாக்குரிமை இருந்தது. 1989 முதல் 18 வயதிலேயே அவ்வுரிமை கைவருகின்றது. இன்று பள்ளியில் பயில்வோர் இன்னும் சில ஆண்டுகளில் வாக்குச்சாவடி முன் நிற்பர். முதலமைச்சர் ஒருவரைப் பதவியில் நிறுத்திய வாக்கும், பெருந்தலைவர் ஒருவரைத் தோற்கச் செய்த வாக்கும், நெசவாளியும் உழவரும் கடைக்காரரும் வரிசையில் நின்று அளித்த அந்த ஒற்றை வாக்குகளே. விருதுநகர் முடிவை உறுதி செய்தவை 1,285 வாக்குகள். ஒரு சிற்றூரின் மக்கள் தொகை அளவே ஆகும் அது. தன் ஒரு வாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணி வீட்டில் இருந்துவிடுபவர், அச்சிறு எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்த்தல் நன்று.