மூச்சின் காவலர்

1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் பல் மருத்துவர் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியை நுகரச் செய்தபின், நோயாளி ஒருவரின் கழுத்துக் கட்டி அகற்றப்பட்டது. அடுத்த ஆண்டே எடின்பரோவில் குளோரோஃபார்ம் பயன்பாட்டுக்கு வந்தது. கைக்குட்டையில் சில துளிகள் தெளித்து முகத்தருகே பிடித்தால் போதும். மயக்கம் விரைந்து வரும். இத்துணை எளிய செயலுக்குத் தனியே ஒரு மருத்துவர் எதற்கு என்றே பலரும் கருதினர்.

1848 ஜனவரி 28 அன்று அக்கருத்து ஆட்டங்கண்டது. இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகில், கால்விரல் நகத்தை அகற்றுவதற்காகக் குளோரோஃபார்ம் அளிக்கப்பெற்ற பதினைந்து வயதுச் சிறுமி ஹன்னா கிரீனர், சில நிமிடங்களில் உயிரிழந்தாள். ஒரு நகத்திற்காக ஓர் உயிர்!

ஈதர் வந்த நாள்முதல் மயக்க ஆவிகளை ஆராய்ந்துவந்த இலண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ, இவ்விறப்பையும் ஆராய்ந்தார். (காலரா குடிநீர்வழிப் பரவுவதை 1854இல் சான்றுகளுடன் காட்டியவரும் இவரே.) துணியில் தெளித்த மருந்தில் எவ்வளவு நுரையீரலை அடைகிறது என்பதை அறிய வழியில்லை, வெப்பம் கூடினால் ஆவியும் மிகும். எனவே ஆவியின் செறிவைக் கட்டுப்படுத்தும் கருவிகளை அவர் வடிவமைத்தார். ஆயினும் 1853இல் விக்டோரியா அரசியின் மகப்பேற்றின்போது அவர் கையாண்டது கைக்குட்டையையே. சிறுசிறு அளவாக 53 நிமிடங்கள் மருந்தளித்தார். அரசி முற்றிலும் உணர்விழக்கவில்லை. கைக்குட்டை மாறவில்லை, அதைப் பிடித்திருந்தவர் நோயாளியின் மூச்சிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

அப்பணியையே இன்றைய மயக்கவியல் மருத்துவர் விரிவாகச் செய்கிறார். அறுவைக்கு முன் உண்ணக்கூடாது என்று அவர் வற்புறுத்துவது வெறும் சடங்கன்று. மயக்கத்தில் இருமல் முதலிய தற்காப்புச் செயல்கள் ஓய்ந்துவிடுவதால், இரைப்பையிலுள்ள உணவு மேலேறி நுரையீரலுள் புகக்கூடும். தசைகளைத் தளர்த்தும் மருந்து செலுத்தப்பட்டபின் நோயாளியால் தாமாக மூச்சுவிட இயலாது. மூச்சுக்குழலில் செருகிய குழாய்வழியே, அறுவை முடியும்வரை அவருக்கு மூச்சளிக்கும் பொறுப்பு மயக்கவியல் மருத்துவருடையது. விரல்நுனியில் பொருத்திய கருவி குருதியின் ஆக்சிஜன் அளவைக் காட்டும். அது குறைவது ஏன் என்பதை உடனே உய்த்துணர்ந்து செயற்படுபவர் அவரே.

தையலிட்டபின் அறுவை மருத்துவரின் பணி பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பெயர் சொல்லி அழைக்கும்போது நோயாளி கண்விழித்து, தாமே சீராக மூச்சிழுக்கும்வரை மயக்கவியல் மருத்துவர் தலைமாட்டிலேயே நிற்கிறார்.