போர்ச் செலவும் பொறுப்பாட்சியும்

போருக்குப் படை வேண்டும். படைக்குப் பணம் வேண்டும். அப்பணத்தை அரசு பெறும் வழிகள் மூன்று: வரி விதித்தல், கடன் பெறுதல், நாணயத்தைப் பெருக்குதல். எவ்வழியால் வந்த பணமும் படைவீரனுக்கு ஒரே வகையில் உணவளிக்கும். ஆனால் குடிமகனை ஒரே வகையில் விழிப்பூட்டாது. இவ்வுண்மையைப் பிரித்தானிய வரலாற்றின் இரு நிகழ்ச்சிகள் கொண்டு ஆராய்வாம்.

1854 இல் ரஷ்யாவுடன் கிறிமியன் போர் மூண்டபோது நிதியமைச்சராயிருந்தவர் கிளாட்ஸ்ரன். போர்ச்செலவை இயன்றவரை வரியாலேயே இறுத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அச்செலவின் சுமையே நாடுகளின் பேராசைக்கு இறைவன் இட்ட கடிவாளம் என அவர் வாதித்தார். பவுணுக்கு 7 பென்சாயிருந்த வருமானவரி 14 பென்சாயிற்று. ஆயினும் போர் நீண்டது; 1855 இல் அவர்பின் வந்த லூயிஸ் 160 இலட்சம் பவுண் கடன் பெற நேர்ந்தது.

முதலாம் உலகப்போர் தொடங்கிய 1914 இல், மக்களிடம் 35 கோடி பவுண் போர்க்கடன் கோரப்பட்டது. கிடைத்ததோ மூன்றிலொரு பங்கிலும் குறைவு. குறைபட்டதை இங்கிலாந்து வங்கியே, தன் உயரலுவலர் இருவர் பெயரில் மறைவாக வாங்கிற்று. கோரியதற்கு மேலாகவே கடன் சேர்ந்ததென நாட்டுக்கு அறிவிக்கப்பட்டது. வங்கியின் பழைய பேரேடுகளை ஆராய்ந்தோர் இம்மறைப்பை வெளியிட்டது 2017 இலேயே. அதற்குள் நூறாண்டுகள் கழிந்துவிட்டன. கேட்பாரும் இல்லை, விடை கூறுவாரும் இல்லை.

வரி இறுப்பவன் இன்றே இழக்கிறான். ஆதலால் இன்றே கேட்கிறான். கடன் கொடுப்பவன் வட்டி பெறுகிறான். அவன் கேட்பது அரிது. கடனைத் தீர்க்கவேண்டியவரிற் பலர் இன்னும் பிறவாதவர், அவர்க்கு வாக்குமில்லை. 1917 இல் விற்கப்பட்டு 1932 இல் வட்டி குறைத்து மாற்றப்பட்ட போர்க்கடன் பத்திரங்களின் எச்சம் தீர்க்கப்பட்டது 2015 இலேயாம்.

எனினும் கடன் யாவும் தீதென்று கொள்ளற்க. பெரும்போரின் செலவை ஓராண்டு வரி தாங்காது. நாட்டைக் காக்கும் போரின் பயனை வருந்தலைமுறையும் நுகரும். தீதாவது மறைப்பே. இதனை உணர்த்துவன போலப் பின்னர் அதே கிளாட்ஸ்ரன் நிறுவிய முறைகள் இரண்டு: 1861 இல் பாராளுமன்றக் கணக்குக்குழு, 1866 இல் அரசாங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சட்டம். எமது பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும் அம்மரபில் வந்ததே.

ஆகவே மாணவர்காள், வரவுசெலவுத் திட்டத்தைக் கற்கும்போது “எவ்வளவு?” என்பதோடு அமையற்க. “யார் கொடுப்பது? எப்போது கொடுப்பது? யாரறியக் கொடுப்பது?” என்றும் வினவுக. வினாவுள்ள நாட்டிலேயே பொறுப்பாட்சி நிலைபெறும்.