கண்ணாடியில் கடுதாசி வைக்க முன்

உடுப்பிட்டியில் அனேகமான வீடுகளில் ஒரு றங்குப்பெட்டி இருக்கும். உள்ளே காணி உறுதி, சாதகக் குறிப்பு, பழைய பள்ளிக்கூட மலர், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டுகள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. 1987இல் போரால் எங்கள் வடமராட்சி இடம்பெயர்ந்தபோது கையில் எடுத்ததுதான் மிச்சம். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, ஒரு தட்டை ஸ்கானரை யூஎஸ்பியில் கொளுவி, அந்தப் பெட்டிகளைப் படமாக்க நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; முனையத்தில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

1. காசு கொடுக்க முன் பட்டியலைப் பாருங்கள். லினக்ஸில் ஸ்கானர்களை இயக்குவது சேன் என்ற மென்பொருள். அதன் இணையத்தளத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் நேரே முழுமை, நன்று, அடிப்படை, ஆதரவில்லை என்று போட்டிருக்கும். கடைக்காரர் ‘எல்லாத்திலயும் வேலை செய்யும்’ என்று சொன்னால் அவர் விண்டோஸைத்தான் சொல்கிறார். கனன் லைட் 110, 120, 210, 220 பழைய லினக்ஸிலும் ஓடும். லைட் 300, 400 வைத்திருப்பவர்கள் கணினியில் புதிய பதிப்பைப் போடுங்கள். பழைய பதிப்புக்கு அவற்றைத் தெரியாது.

2. லைட் வகை மெல்லியது, யூஎஸ்பி வயரிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரன்ட் வெட்டினார்களே, அப்படியான நாளிலும் மடிக்கணினியின் பற்றரி உள்ளவரை வேலை ஓடும். ஆனால் அதன் பார்வைக்கு ஆழம் இல்லை. தாள் கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் எழும்பினாலே எழுத்து மங்கிவிடும். தடித்த கட்டுப் புத்தகத்தின் நடுமடிப்புக்கு சிசிடி வகைதான் சரி. அது பாரமானது, தனி அடாப்டரும் வேண்டும். கல்வெட்டும் தனித் தாள்களும்தான் உங்கள் வேலை என்றால் லைட் காணும்.

3. கனடாவில் இருந்து மாமா அனுப்பிய ஸ்கானர் என்றால் அடாப்டரின் முதுகை வாசிக்காமல் சுவரில் செருகாதீர்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் பயமில்லை. 120 என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ட்டில் அது புகைந்துபோகும்.

4. ஸ்கானரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பூட்டுப் படம் போட்ட ஒரு சின்னத் தள்ளுவிசை பல மாதிரிகளில் இருக்கும். பயணத்தில் உள்ளே இருக்கிற தலை ஆடாமல் இருக்கப் பூட்டியது அது. திறக்காமல் இயக்கினால் கரகர என்று சத்தம் போட்டு நின்றுவிடும். பிறகு லினக்ஸைத் திட்டுவார்கள்.

5. ஸ்கானர் தெரியவில்லை என்றால் லினக்ஸை அழித்துத் திரும்பப் போடாதீர்கள். வயரின் நுனியில் இருந்து ஒவ்வொரு படியாகக் கேளுங்கள். முதலில் ‘எல்எஸ்யூஎஸ்பி’. வருகிற பட்டியலில் உங்கள் கருவிக்கு ஒரு வரி வேண்டும். கனன் என்றால் 04ஏ9, எப்சன் என்றால் 04பி8, எச்பி என்றால் 03எஃப்0 என்று எண் தொடங்கும். அந்த வரியே இல்லையென்றால் மென்பொருளில் தேடி வேலையில்லை: வயரை மாற்றுங்கள், துளையை மாற்றுங்கள், அடாப்டரைப் பாருங்கள். வரி இருந்தால் அடுத்தது ‘சேன்-ஃபைண்ட்-ஸ்கானர்’. டெபியன், உபுண்டு பாவிப்பவர்கள் இதற்கு சேன்-யூட்டில்ஸ் என்ற பொதியை நிறுவ வேண்டும். இந்தக் கட்டளைக்கு இயக்கி தேவையில்லை. வயரில் ஸ்கானர் போன்ற ஒன்று இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மூன்றாவது ‘ஸ்கான்இமேஜ்’, ஒரு இடைவெளி, சிறு கோடு, பெரிய எல். இதுதான் இயக்கியோடு சேர்த்துத் தேடும். இரண்டாவது கண்டுபிடித்து மூன்றாவது காணாவிட்டால் குறை மூன்றில் ஒன்று: அனுமதி, ஃபேர்ம்வேர், அல்லது இயக்கியே இல்லை. மூன்று விடையையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உதவி கேட்கிறபோது ‘வேலை செய்யுதில்லை’ என்பதைவிட அந்த மூன்று வரி பெறுமதியானது.

6. அனுமதிக் குறையைப் பிடிப்பது லேசு. அதே மூன்றாவது கட்டளையை முன்னால் ‘சூடோ’ போட்டு அடியுங்கள். அப்போது தெரிந்து, போடாதபோது தெரியாவிட்டால், உங்கள் பயனர் பெயரை ‘ஸ்கானர்’ குழுவில் சேர்த்து, வெளியேறித் திரும்ப உள்நுழையுங்கள். எந்த நாளும் சூடோவோடு ஸ்கான் செய்யப் பழகாதீர்கள். கோப்புகள் எல்லாம் றூட் என்ற நிர்வாகியின் பெயரில் விழுந்து, பிறகு அவற்றைத் திருத்திச் சேமிக்க ஏலாது.

7. சில பழைய கருவிகளுக்குத் தம் வேலை தமக்கே ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு முறை கொளுவும்போதும் கணினிதான் ஃபேர்ம்வேர் கோப்பை ஊட்டவேண்டும். மஸ்டெக் பெயார்போ, சில பழைய எப்சன் பெர்ஃபெக்‌ஷன் எல்லாம் இந்த ரகம். கோப்பு விண்டோஸ் சீடியில் இருக்கும். ஆகவே பெட்டியோடு வந்த சீடியை எறியாதீர்கள். எச்பி மூன்று-வேலைக் கருவி என்றால் எச்பிலிப் பொதியைப் போடுங்கள். சிலவற்றுக்கு அதன் தனி இணைப்பும் வேண்டும்.

8. மூன்றாவது கட்டளையின் பட்டியலில் மடிக்கணினியின் கமெரா ஸ்கானர் என்று வந்து நின்றால் திகைக்கவேண்டாம். சேன் அதையும் பிடிக்கும். சரியான வரியைத் தெரிவு செய்தால் போதும்.

9. பாதிப் பக்கத்தில் நின்றுபோகிறதா? பழைய ஸ்கானர்கள் சில நீல நிற யூஎஸ்பி 3 துளையோடு ஒத்துப்போகாது. கறுப்புத் துளையில் நேரே கொளுவுங்கள். நீட்டுவயரும் மலிவான ஹப்பும் வேண்டாம்.

10. அளவு: எழுத்துக்கு 300 டிபிஐ, பொடி எழுத்துக்கும் படங்களுக்கும் 600. 300இல் ஒரு ஏ4 பக்கம் 2480க்கு 3508 புள்ளி. சுருக்காமல் சாம்பல் நிறத்தில் ஏறத்தாழ 9 எம்பி, வண்ணத்தில் 26. 600 வண்ணத்தில் 104. வட்டு நிரம்புகிறது என்று 150க்கு இறங்காதீர்கள். மூலத்தை டிஃப் ஆக வையுங்கள், மற்றவர்களுக்கு அனுப்புவதை மட்டும் சுருக்குங்கள்.

11. எங்களுடைய கடுதாசிகள் ஸ்கானர் செய்தவர்கள் நினைத்துப் பார்த்தவை அல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் அச்சுத்தாள் வராமல் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் நிறத் தாளிலும் வந்தன. தாள் மெல்லியது, மறுபக்கத்து எழுத்து முன்னுக்குத் தெரியும். ஸ்கானர் மூடியின் வெள்ளைதான் அதைக் கூட்டிக் காட்டுகிறது. தாளின் முதுகில் ஒரு கறுப்பு மட்டையை வைத்து மூடுங்கள். பக்கம் கொஞ்சம் இருண்டாலும் பின்பக்க எழுத்து அடங்கிவிடும். நீலக் கோட்டுக்கு வேறு வழி. வண்ணத்திலேயே ஸ்கான் செய்து, கிம்ப் என்ற பட மென்பொருளில் நிறங்களைப் பிரித்து, நீலப் பகுதியை மட்டும் பாருங்கள். அதில் நீலக் கோடு வெளிறிக் கரைய, கறுப்பு மை அப்படியே நிற்கும். ரோசாத் தாள் என்றால் சிவப்புப் பகுதி. முதலிலேயே கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

12. கல்வெட்டின் நடுவில் இரண்டு பின் இருக்கும், அனேகமாகத் துருவேறி. அகப்பையால் கிளப்புவதுபோல் நெம்பாதீர்கள், தாள் கிழியும். உள்பக்கத்தில் கால்களை நகத்தால் நிமிர்த்தி, வெளிப்பக்கத்தால் இழுங்கள். துருத்தூளை மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டுத்தான் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டுபோகலாம். கண்ணாடியில் விழுந்த ஒரு கீறல் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் வரும். திரும்பக் கட்டும்போது பின் வேண்டாம், வெள்ளை நூல் போடுங்கள். கல்வெட்டில் தேவாரத்தை மட்டும் விட்டுவிட்டு வம்ச வரலாற்றை எடுப்போம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கடைசிப் பக்கத்து அச்சகப் பெயரும் வேண்டும்.

13. பழைய உறுதிகள் ஃபுல்ஸ்காப் தாளில் இருக்கும். அது 13 அங்குலம், ஏறக்குறைய 330 மில்லிமீற்றர், கண்ணாடி 297தான். மடிக்காதீர்கள். மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாக, நடுவில் நாலு விரல் பொதுவாக வரும்படி எடுங்கள், பிறகு ஒட்டலாம். ஏட்டுச்சுவடியை இதில் வைக்கவே கூடாது. மூடியின் பாரம் ஓலையை முறிக்கும். அதற்குக் கமெராவும் தெரிந்தவர்களும் வேண்டும்.

14. கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 001 என்று மூன்று இலக்கத்தில் தொடங்குங்கள். ஒரு மலர் முடிந்தவுடன், அதைத் திருப்பிக் கொடுக்க முன், பக்க எண்ணைத் திரையில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். படத்தில் உள்ள தமிழை எழுத்தாக வாசிக்க டெசரக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது. புதிய அச்சில் நன்றாக வாசிக்கும், கொம்பு வைத்த பழைய லை, னை வருகிற அச்சில் தடுமாறும். அதை நம்பிப் படத்தை அழிக்காதீர்கள்.

15. நூலகம் நிறுவனம் 2005இல் இருந்து எங்கள் நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் இணையத்தில் சேர்த்துவருகிறது. சிவசம்புப் புலவரின் ஊரான உடுப்பிட்டியில் இருந்து அங்கே போகவேண்டியது இன்னும் இருக்கும். மலரும் கல்வெட்டும் கொடுப்பதென்றால் முதலில் அந்த வீட்டுக்காரரைக் கேளுங்கள். உறுதி, சாதகம், அடையாள அட்டை இவற்றை இணையத்துக்கு ஏற்றவேண்டாம். ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்து, இன்னொன்றை வெளிநாட்டில் இருக்கிற அவருடைய பிள்ளைக்கு அனுப்பச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தாலொழிய உங்கள் கணினியில் இருக்கிறதை அன்றைக்கே அழித்துவிடுங்கள்.