இரண்டாவது அம்பு

போன செமஸ்டரில் எனக்கு ஒரு பேப்பர் போயிடுச்சு. அதைவிட மோசம், அதற்கப்புறம் வந்த ராத்திரிகள். "வீட்ல என்ன சொல்றது? பிளேஸ்மென்ட் அவ்ளோதானா? நான் எதுக்குமே லாயக்கில்லையா?" படுத்தா தூக்கம் வராது, புத்தகத்தைத் திறந்தா ஒரே வரியில் கண் நிற்கும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போகும் வழியில், தலைவாசல் பக்கம் தியாகனூர் என்ற கிராமம். வடக்கே கல்வராயன் மலை. அங்கே தியானத்தில் அமர்ந்த நிலையில் இரண்டு பழைய புத்தர் சிலைகள் உள்ளன. நம்ம ஊர்ப் பக்கமே ஒரு காலத்தில் பௌத்தம் இருந்திருக்கு. பதற்றத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது?

பாலி மொழியில் உள்ள சல்ல சுத்தத்தில் புத்தர் ஓர் உவமை சொல்கிறார். ஒருவன் மேல் அம்பு பாய்கிறது. உடனே இரண்டாவது அம்பும் பாய்கிறது. முதலாவது, வாழ்க்கையில் வரும் வலி. இரண்டாவது, அதை நினைத்து நாமே புலம்பி ஏற்றிக்கொள்ளும் வலி. என் கணக்கில் அரியர் முதல் அம்பு. "லாயக்கில்லை" இரண்டாவது.

செய்ததையும் செய்யாமல் விட்டதையும் நினைத்துக் குமைவதற்குப் பாலியில் 'குக்குச்சம்' என்று பெயர். தியானத்துக்கான 5 தடைகளில் மனம் அலைபாய்வதோடு சேர்த்து இதையும் எண்ணுகிறார்கள். அதாவது, இது உங்கள் ஒருத்தரோட குறை இல்லை. மனித மனதின் பழைய பழக்கம்.

பயிற்சி இதுதான்:

1. நிமிர்ந்து உட்காருங்கள். நெஞ்சுப் படபடப்பை விரட்டாமல், "இது பதற்றம்" என்று பெயர் மட்டும் சொல்லுங்கள்.

2. மூச்சை எண்ணுங்கள். 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர், 5க்குக் குறையாமல் 10க்கு மேல் போகாமல் எண்ணச் சொல்கிறார். குறைந்தால் மனம் நெருக்கடியில் தவிக்கும்; கூடினால் மூச்சை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும்.

3. நினைப்பு எங்கேயோ போயிட்டா, திட்டாதீங்க. மறுபடி 1லிருந்து தொடங்குங்கள். திட்டினால் அதுவும் இன்னொரு அம்பு!

கண்ணை மூடினால் பயம் கூடுகிறதா? திறந்தே வைத்து, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். தூக்கமும் சாப்பாடும் நாள்கணக்கில் கெட்டால் தியானத்தை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

மூச்சை எண்ணினதால என் அரியர் கிளியர் ஆகல. அதுக்குப் படிக்கத்தான் வேணும். ஆனா இப்போ ஒரு பக்கம் முடிஞ்சதும் அடுத்த பக்கத்துக்குப் போக முடியுது.