செல்லப் பெயரும் பதிவுப் பெயரும்

துடக்குக் கழிவுக்கு வரும் பெற்றோர் சிலர், வீட்டில் மகனைக் கூப்பிடும் ‘குட்டி’யையே பதிவுப் பெயராக வைக்கலாமா என எம்மிடம் கேட்கிறார்கள். கூப்பிட இனிமைதான். ஆனால் எம்மவர் வழக்கில் தகப்பன் பெயரே பிள்ளைக்கு முதலெழுத்து. இங்கிலாந்தில் அதைப் பலர் குடும்பப் பெயராகவே பதிகிறோம். தொட்டிலில் கிடக்கும் இந்தக் ‘குட்டி’யை நாளை பேரப்பிள்ளைகளும் பெயருக்குப் பின்னால் சுமப்பார்கள்!

சிறிய பெயர் கூடாதென்பதல்ல. கண்ணன் என்பதைப் பாருங்கள்: வெண்ணெய் திருடிய பிள்ளைக்கும் அதுவே பெயர், கீதை சொன்ன தேரோட்டிக்கும் அதுவே பெயர். அல்லது சிவகுமாரன் என்று பதிந்துவிட்டு, வீட்டில் ‘சிவா’ என்றோ ‘குட்டி’ என்றோ கூப்பிடுங்கள்.

இங்கு பிறப்பைப் பதிய 42 நாட்கள் உண்டு. 31ஆம் நாள் துடக்குக் கழிந்த பின்னும் யோசிக்க 11 நாட்கள் இருக்கின்றன.