ஒரு வயதுக்கு எத்தனை பலூன்?

சனிக்கிழமை மாலை. வீவக புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் பிறந்தநாள் விழா நடக்கிறது. நகர மன்றத்தின் அனுமதி பெற்று மேசை நாற்காலிகள் போட்டாகிவிட்டன. நீல நிறத்தில் பெரிய பலூன் வளைவு. அதன்முன் மூன்றடுக்கு அணிச்சல். ஒரு பக்கம் வாடகைக்கு எடுத்த காற்றடைத்த சறுக்குமரம். இன்னொரு பக்கம் மந்திர வித்தைக்காரர். புகைப்படக்காரர் அங்குமிங்கும் ஓடுகிறார். விழா நாயகனுக்கு இன்றோடு ஒரு வயது நிறைகிறது. பலூன் வெடித்த ஓசையில் வீறிட்டு அழுத அவன், அணிச்சல் வெட்டும் நேரத்தில் பாட்டியின் தோளில் உறங்கிவிட்டான். படம் எடுப்பதற்காக அவனை எழுப்புகிறார்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இத்தகைய காட்சி இன்று புதிதன்று. வசதி உள்ளவர்கள் ஹோட்டலிலோ மண்டபத்திலோ கொண்டாடுகிறார்கள். வசதி குறைந்தவர்களும் கடன்பற்று அட்டையை நம்பி அதே அளவுக்குச் செலவு செய்யப் பார்க்கிறார்கள். விருந்தினர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்புப் பையைக்கூட எளிமையாகக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

இதை வெறும் ஆடம்பர மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. சிறுவயதில் பிறந்தநாளே கொண்டாடாமல் வளர்ந்த தந்தை ஒருவர், தம் மகனுக்கு அந்தக் குறை இருக்கக் கூடாது என்று நினைக்கிறார். நாள் முழுதும் வேலைக்குப் போகும் தாய், பிள்ளையுடன் இருக்க முடியாத நேரத்தை ஒரு பெரிய விழாவால் ஈடுகட்ட முயல்கிறார். 'அவர்கள் நம்மை அழைத்தார்கள், நாமும் அழைக்க வேண்டாமா?' என்ற கேள்வியும் இருக்கிறது. சமூக ஊடகத்தில் வரும் படங்கள் மீதியைச் செய்துவிடுகின்றன.

பிறந்தநாளைக் கொண்டாடும் வழக்கம் நம்மிடம் முன்பே உண்டு. பிறந்த நட்சத்திரத்தன்று குழந்தையின் பெயரில் கோயிலில் அர்ச்சனை செய்வார்கள். வீட்டில் பாயசம் வைத்து அண்டை வீட்டாருக்கும் கொடுப்பார்கள். சீனர்கள் குழந்தை பிறந்து ஒரு மாதம் நிறைந்ததும் சிவப்பு முட்டைகளை உறவினருக்கும் நண்பர்களுக்கும் வழங்குவார்கள். இவ்விரண்டிலும் கொண்டாடும் வீடே கொடுக்கும் வீடு. இன்று விழா மேடையின் ஓரத்தில் பரிசுகளுக்கென்றே ஒரு மேசை போடப்படுகிறது. எல்லாரும் பாடும் ஆங்கிலப் பிறந்தநாள் பாட்டின் மெட்டுக்கும் எளிய கதை உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஹில் சகோதரிகள் 1893இல் வெளியிட்ட மெட்டு அது. பாலர் பள்ளிப் பிள்ளைகள் காலை வணக்கம் சொல்வதற்காக உருவாக்கப்பட்டது. பிறந்தநாள் வாழ்த்து பின்னர்தான் அதில் சேர்ந்தது.

2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெற்றோர் சிலர், வில்லியம் டோஹர்ட்டி என்ற பேராசிரியருடன் சேர்ந்து 'அழுத்தமில்லாப் பிறந்தநாள்' என்னும் முயற்சியைத் தொடங்கினர். பிறந்தநாள் விழாக்கள் கைமீறிப் போய்விட்டன என்பதே அவர்களின் கவலை. அந்தக் கவலை நம் ஊர்ப் பெற்றோருக்கும் இருக்கிறது. ஆனால், முதலில் குறைத்துக்கொள்பவர் யார் என்பதில்தான் தயக்கம்.

செலவைவிடப் பெரிய பாதிப்பு ஒன்று வகுப்பறையில் நிகழ்கிறது. இருபத்தைந்து பேர் படிக்கும் வகுப்பில் பத்துப் பேருக்கு மட்டும் அழைப்பிதழ் வருகிறது. மீதிப் பதினைந்து பேரும் திங்கட்கிழமை முழுவதும் விழாக் கதையைக் கேட்க வேண்டும். அழைப்புக் கிடைத்தவர்களிலும் ஒரு பிள்ளை வருவதில்லை. பரிசு வாங்க அந்த மாதம் வீட்டில் பணம் இல்லை. 'காய்ச்சல்' என்று சொல்லி அனுப்புகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பொய் என்று தெரியும். ஏன் அந்தப் பொய் என்பதும் தெரியும். பரிசுகளை விலை பார்த்து அடுக்கும் பழக்கமும் அந்த வயதில்தான் தொடங்குகிறது. அதை எந்தப் பெற்றோரும் வேண்டுமென்று கற்றுக்கொடுப்பதில்லை.

பிள்ளைகள் பெறுவதில் மட்டுமே மகிழ்பவர்களா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளிடம் தின்பண்டம் கொடுத்து, அதை ஒரு பொம்மலாட்டப் பொம்மையுடன் பகிரச் சொன்னார்கள். தின்பண்டம் தமக்குக் கிடைத்தபோது இருந்ததைவிட, அதைக் கொடுத்தபோது குழந்தைகளின் முகத்தில் மகிழ்ச்சி கூடியிருந்தது. வேறெங்கோ இருந்து எடுத்துக் கொடுத்ததைவிடத் தம் பங்கிலிருந்து கொடுத்தபோது அம்மகிழ்ச்சி இன்னும் அதிகம்.

இப்போது ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். ஒன்பது வயது நிரம்பப் போகும் மகள் அழைப்பிதழ்ப் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா, என் பக்கத்தில் உட்காருவாளே, அவள் யாருடைய பிறந்தநாளுக்கும் வருவதே இல்லை. ஏன்?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "நீயே யோசித்துப் பார், கண்ணு," என்றார்.

மறுநாள் மகள் எல்லா அழைப்பிதழ்களின் அடியிலும் ஒரே வரியைத் தன் கையால் எழுதினாள்: 'பரிசு வேண்டாம், நீ வந்தால் போதும்.' அப்பாவுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. உறவினர்கள் என்ன நினைப்பார்களோ என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். சறுக்குமரத்தை விட்டுவிட்டார்கள். அம்மாவும் பாட்டியும் மீ ஹூன் சமைத்தார்கள். அணிச்சல் சற்று ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

ஐந்து மணிக்கு அந்தத் தோழி வந்தாள். கையில் அவளே வரைந்த வாழ்த்து அட்டை. இரண்டு துண்டு அணிச்சல் சாப்பிட்டாள். ஓடிப்பிடித்து விளையாடியதில் அவள் செருப்பின் வார் அறுந்துபோனது. கீழ்த்தள விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல், மேசைகளை மடித்து வைக்க அப்பாவுக்கு உதவிக்கொண்டிருந்தாள்.