ஆடு ஈனும் காலம்: சீம்பாலும் ஜகாத் கணக்கும்

ஆனி, ஆடியில் சினை பிடித்த செம்மறிகள் கார்த்திகை, மார்கழியில் குட்டி போடும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். நமது டிரஸ்ட் மூலம் ஆடு பெற்ற சகோதரிகளின் வீடுகளில் அந்த நேரம் நெருங்கிவிட்டது.

சென்ற ஆண்டு மழை இரவில் ஒரு சகோதரியின் வீட்டில் பிறந்த இரண்டு குட்டிகளும் விடிவதற்குள் இறந்துபோயின. நஞ்சுக்கொடி விழட்டும், அதற்குப் பிறகு பால் குடிக்கட்டும் என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை குட்டிகள் ஈரத்தோடு பட்டினி கிடந்தன. நாங்கள் ஆட்டைக் கொடுத்தோமே தவிர, இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தவறு எங்கள் மீதுதான்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே ஓரளவு வந்துவிடுகிறது. ஆட்டுக்குட்டிக்கு அப்படி வருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கிறது. அதை உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கும் தன்மை குட்டியின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். குளிரில் உடம்பைச் சூடாக வைப்பதும் அந்தப் பால்தான். நஞ்சு விழவோ பல மணி நேரம் ஆகலாம். குட்டி மடியை முட்டிக் குடித்தால் கருப்பை சுருங்கி நஞ்சு சீக்கிரம் விழும். அதாவது, காத்திருப்பதால் இரண்டு பக்கமும் நஷ்டம். நஞ்சைக் கையால் பிடித்து இழுக்கவே கூடாது.

குட்டி விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடையுங்கள். தாய் நக்கட்டும், நக்காவிட்டால் காய்ந்த சாக்கால் தேய்த்து ஈரம் போக்குங்கள். தொப்புள் கொடியில் டிஞ்சர் அயோடின் வையுங்கள். காம்பில் முதல் இரண்டு பீச்சு பாலைத் தரையில் விட்டால் அடைப்பு நீங்கும். ஒரு மணி நேரத்துக்குள் குட்டி குடித்திருக்க வேண்டும். எழ முடியாத குட்டிக்குக் கறந்து, 2 கிலோ எடைக்கு ஒரு வேளை 100 மில்லி அளவில் பாட்டிலில் கொடுக்கலாம். குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள், பிறகு பால். இரட்டைக் குட்டிகளில் மெலிந்ததுதான் மடிக்குப் போகாமல் ஒதுங்கி நிற்கும், அதன் மேல் ஒரு கண் வேண்டும்.

முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்குமாகக் குட்டி வருவதே இயல்பு. பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் குட்டி வரவில்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும்.

கிடை போட்டு மேய்க்கும் சில குடும்பத்தார் இன்னொன்று கேட்டார்கள்: ஜகாத்துக்கு இந்தக் குட்டிகளும் கணக்கா? நாலைந்து ஆடு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. ஆண்டின் பெரும்பகுதி மேய்ச்சலில் வளரும் ஆடுகள் 40 இருந்தால்தான் ஆட்டு ஜகாத். 120 வரை ஓர் ஆடு, 121 முதல் 200 வரை இரண்டு. தாய் ஆடுகள் 110 இருந்து, ஆண்டின் நடுவில் 15 குட்டிகள் பிறந்தால் 125 ஆகிறது. இரண்டு ஆடு கொடுக்க வேண்டும்.

இது அன்றைய மக்களுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. குட்டியை எண்ணுகிறீர்கள், ஆனால் ஜகாத்தாக வாங்க மறுக்கிறீர்களே என்று வசூலிக்கப் போனவரிடம் முறையிட்டார்கள். கலீஃபா உமர் (ரலி) சொன்ன பதில் இமாம் மாலிக்கின் முவத்தாவில் இருக்கிறது. மேய்ப்பவர் தூக்கி வரும் குட்டியையும் எண்ணுங்கள், ஆனால் அதை எடுக்காதீர்கள். ஈனப்போகும் ஆடு, குட்டிக்குப் பாலூட்டும் ஆடு, இறைச்சிக்குக் கொழுக்க வைத்த ஆடு, பொலிக்கிடா இவற்றையும் எடுக்காதீர்கள் என்பது அதன் கருத்து. நடுத்தரமானதே ஜகாத்துக்குரியது. ஏழைக்குப் பங்கும் போய்ச் சேர்கிறது, அடுத்த ஈற்றுக்கான ஆடும் உடையவரிடமே நிற்கிறது. விற்பதற்காக வாங்கி வைத்த ஆடுகளுக்கு வியாபாரப் பொருளின் கணக்கு. மத்ஹபுக்கு ஏற்ப வரும் வேறுபாடுகளை நம் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சினை ஆடு வைத்திருக்கும் சகோதரிகளுக்கு டிஞ்சர் பாட்டிலும் இரண்டு சாக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். இரவில் ஈன்று, என்ன செய்வதென்று தெரியாவிட்டால் தயங்காமல் எங்களைக் கூப்பிடுங்கள்.